எம்.ஜி.யா, ட்ரையம்ப்பா?

என் வீட்டுக் கராஜில் ஒரு காருக்குத்தான் இடம் இருக்கிறது. மனதிலோ இரண்டு கார்கள் நிற்கின்றன. ஒன்று, ஒக்ஸ்போர்ட் நகருக்கு அருகிலுள்ள அபிங்டன் என்ற சிற்றூரில் செய்யப்பட்ட எம்.ஜி.பி. மற்றது, கொவென்றி நகரில் செய்யப்பட்ட ட்ரையம்ப் ரி.ஆர்.6. இரண்டும் கூரையைப் பின்னால் மடித்துவிட்டு இருவர் அமர்ந்து ஓட்டும் விளையாட்டுக் கார்கள். இரண்டும் நான் பத்திரிகைத் தொழிலுக்கு வந்த காலத்தை ஒட்டியவை. இரண்டில் எதையும் புதிதாக வாங்கும் வசதி அன்று எனக்கு இருக்கவில்லை. இன்று அவை பழசாகிவிட்டன, நானும் பழசாகிவிட்டேன். ஆகவே ஒருவருக்கொருவர் பொருத்தமாக இருப்போம் என்ற துணிவில் தேடத் தொடங்கினேன்.

தொடக்கத்தில் பட்டியல் நீளமாக இருந்தது. 1961இல் ஜெனீவா கண்காட்சியில் உலகத்தை வாய்பிளக்க வைத்த ஜகுவார் ஈ-ரைப் அதில் முதலாவது. விலையைக் கேட்டதும் அதுவே முதலில் பட்டியலை விட்டு விலகியது. ஒஸ்ரின்-ஹீலி 3000, லோட்டஸ் எலான் ஆகியவையும் அதே வழியில் போயின. ட்ரையம்ப் ஸ்பிற்ஃபயர் சிலநாள் நின்றது. ட்ரையம்ப் ஹெரால்ட் காரின் அடிச்சட்டத்தைக் குறுக்கி, அதன்மேல் இத்தாலியரான மிக்கலொட்டி வரைந்த உடலை ஏற்றிச் செய்த கார் அது. அந்த ஹெரால்ட்தான் 'ஸ்ராண்டர்ட் ஹெரால்ட்' என்ற பெயரில் மதராஸில் உற்பத்தியாகித் தமிழ்நாட்டு வீதிகளில் ஓடியது என்பதை அங்குள்ள வாசகர்கள் அறிவார்கள். எனினும் என் உயரத்துக்கு ஸ்பிற்ஃபயர் சிறிது. கடைசியில் மிஞ்சியவை மேற்சொன்ன இரண்டுமே.

எந்தக் காரை வாங்குவது என்பது பணத்தையும் விருப்பத்தையும் பொறுத்த விடயம் என்றுதான் எண்ணியிருந்தேன். தேடத் தேட அது ஒரு வரலாற்றுக் கேள்வியாக மாறியது. ஏன் இந்தக் கார் துருப்பிடிக்கிறது, ஏன் அதற்கு உதிரிப்பாகம் கிடைக்கிறது, ஏன் இதன் முன்புறம் இப்படி அசிங்கமாக இருக்கிறது என்று கேட்டால், ஒவ்வொரு கேள்விக்கும் விடை ஏதோவொரு வருடத்தில், ஏதோவொரு கொம்பனிக் கூட்டத்தில் எடுத்த முடிவில் போய் நிற்கிறது. அந்தக் கதையை இங்கே சொல்ல விரும்புகிறேன்.

எம்.ஜி. என்ற இரண்டு எழுத்துகள் 'மொறிஸ் கராஜஸ்' என்பதன் சுருக்கம். ஒக்ஸ்போர்டில் வில்லியம் மொறிஸ் நடத்திய கார் விற்பனை நிலையத்தின் பெயர் அது. 1922இல் அதன் பொது முகாமையாளராக வந்த செசில் கிம்பர் என்பவர், மொறிஸின் சாதாரணக் கார்களை எடுத்து, அவற்றின் அடிப்பாகத்தின் மீது தாழ்வான அழகிய உடலைப் பொருத்தி விற்கத் தொடங்கினார். சாதாரணக் காரின் பாகங்களைக் கொண்டு சாதாரணமல்லாத ஒரு காரைச் செய்வது என்ற அந்த எண்ணமே எம்.ஜி.யின் அடித்தளம். வாசகர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். என் முடிவு கடைசியில் இதில்தான் வந்து நிற்கப்போகிறது.

1929இல் எம்.ஜி. அபிங்டனுக்கு இடம்பெயர்ந்தது. தோல் பதனிடும் ஆலை ஒன்றுக்குச் சொந்தமாயிருந்த கட்டடத்தில் எண்கோணச் சின்னம் ஏறியது. கிம்பர் அதைத் தன் பிள்ளையைப் போல வளர்த்தார். ஆனால் பிள்ளை மொறிஸுடையது. உலக யுத்தத்தின் நடுவே, மேலிடத்து அனுமதியின்றி விமானப் பாகம் செய்யும் ஒப்பந்தம் ஒன்றை ஏற்றார் என்ற காரணத்துக்காக 1941இல் கிம்பர் பதவி நீக்கப்பட்டார். 1945 பெப்ரவரியில் லண்டன் கிங்ஸ் குறொஸ் நிலையத்தில் நிகழ்ந்த ரயில் விபத்தில் அவர் இறந்துபோனார். யுத்தம் முடிய அப்போது சில மாதங்களே இருந்தன.

அவர் இருந்திருந்தால் அடுத்து நடந்ததைக் கண்டு வியந்திருப்பார். யுத்தம் முடிந்ததும் எம்.ஜி. வெளியிட்ட ரி.சி. என்ற கார், யுத்தத்துக்கு முந்திய வடிவமைப்பை ஒட்டியது. 1945 முதல் 1949 வரை ஏறத்தாழ 10,000 கார்கள் மட்டுமே செய்யப்பட்டன. அவற்றுள் சுமார் 2,000 அமெரிக்காவுக்குப் போயின. தொகை சிறிதாயினும், நீண்டு அகன்ற கார்களையே அறிந்திருந்த அமெரிக்க இளைஞருக்கு, வளைவுகளில் துள்ளி ஓடும் அந்தச் சின்னஞ்சிறு வண்டி ஒரு புதிய உலகத்தைக் காட்டிற்று. யுத்தத்தினால் கடனாளியாகியிருந்த பிரித்தானியாவுக்கோ டொலர் தேவைப்பட்டது. ஏற்றுமதி செய்பவனுக்கே உருக்கு என்று அரசாங்கம் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. பிரித்தானிய விளையாட்டுக் கார் என்ற தொழில், அமெரிக்கரின் ஆசையிலும் பிரித்தானியரின் டொலர்ப் பஞ்சத்திலும் பிறந்தது எனலாம்.

இந்தச் சந்தையைக் கொவென்றியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவர் சேர் ஜோன் பிளாக். ஸ்ராண்டர்ட் மோட்டார் கொம்பனியின் தலைவர். ட்ரையம்ப் என்ற பெயரை அவர் 1944இல் வாங்கியிருந்தார். அதைத் தொடங்கியவர் சிக்ஃப்ரீட் பெற்மன், நூரம்பேர்க் நகரில் பிறந்த ஜேர்மானியர். 1880களில் இங்கிலாந்துக்கு வந்து சைக்கிள் வியாபாரம் செய்து, பின் மோட்டார் சைக்கிள், அதன்பின் 1923இல் கார் என்று வளர்ந்தவர். 1913இல் கொவென்றி நகரின் மேயராகவும் தெரிவானார். எனினும் 1939இல் ட்ரையம்ப் கார் கொம்பனி முறிந்துபோயிற்று. பிளாக் வாங்கியபோது அது பெயரும் பழைய கீர்த்தியும் மாத்திரமே.

1952இல் லண்டன் கண்காட்சிக்குக் கொண்டுவரப்பட்ட முதல் மாதிரியை ஓட்டிப் பார்த்த கென் றிச்சர்ட்சன் அதைக் கடுமையாகக் கண்டித்தார். பிளாக் கோபிக்கவில்லை. அப்படியானால் நீரே வந்து திருத்தும் என்று அவரையே வேலைக்கு அமர்த்தினார். சில மாதங்களில் ரி.ஆர்.2 உருவாயிற்று. 1953 மே 20ஆம் திகதி, பெல்ஜியத்தின் யாபெக்க நெடுஞ்சாலையில் றிச்சர்ட்சன் தாமே அதை மணிக்கு ஏறத்தாழ 125 மைல் வேகத்தில் ஓட்டிக் காட்டினார். அந்தக் காரின் 1991 சி.சி. எஞ்சின், ஸ்ராண்டர்ட் வான்கார்ட் காரிலிருந்து வந்தது. ஃபேர்கூசன் உழவு இயந்திரத்தில் இருந்த எஞ்சினின் நெருங்கிய உறவு. உழவு இயந்திரத்தின் உறவினன் என்று கேலி செய்தவர்கள் இருந்தார்கள். ஆனால் அந்த உறவுதான் அதற்கு முரட்டு ஆயுளைக் கொடுத்தது.

அபிங்டனில் இருந்தவர்கள் கைகட்டி நிற்கவில்லை. கட்டவைக்கப்பட்டார்கள். 1952இல் ஒஸ்ரினும் மொறிஸும் இணைந்து பிரித்தானிய மோட்டார் கூட்டுத்தாபனம் பிறந்தது. அதன் தலைவர் லியனாட் லோட், ஒஸ்ரின் பக்கத்து மனிதர். அதே கண்காட்சியில் டொனால்ட் ஹீலியின் காரைக் கண்டு அந்த இடத்திலேயே உடன்பாடு செய்துகொண்டார். எம்.ஜி. தயாரித்து வைத்திருந்த புதிய திட்டம் ஒதுக்கப்பட்டது. 1955இல்தான் அது எம்.ஜி.ஏ. என்ற பெயரில் வெளிவந்தது. மூன்று வருடம் தாமதமானாலும் 1962 வரை ஒரு லட்சத்துக்கும் மேல் விற்பனையாயிற்று. அதன் எஞ்சின் 'பி சீரிஸ்' எனப்படும் குடும்பத்தைச் சேர்ந்தது. ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் ஒக்ஸ்போர்ட் முதலிய சாதாரணக் குடும்பக் கார்களில் இருந்த அதே எஞ்சின்தான். கிம்பரின் பழைய சூத்திரம்.

1962இல் அதன் வாரிசாக எம்.ஜி.பி. வந்தது. சிட் எனெவர் என்ற பொறியியலாளரின் படைப்பு. தனியான அடிச்சட்டம் இல்லை. தகட்டினாலான உடலே சட்டத்தின் வேலையையும் செய்தது. பி சீரிஸ் எஞ்சின் 1798 சி.சி.க்கு வளர்ந்திருந்தது. 95 குதிரைவலு. மணிக்கு நூறு மைலைச் சற்றுத் தாண்டும். அன்றைய அளவில் அது அதிவேகக் கார் அல்ல. ஆனால் கதவு ஒழுங்காகச் சாத்தும், கண்ணாடி ஏறி இறங்கும், பொதி வைக்க இடம் உண்டு. தினமும் வேலைக்குப் போய்வரக்கூடிய விளையாட்டுக் கார். 1980 வரை, ஜி.ரி. வகையையும் சேர்த்து, ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டன.

ட்ரையம்ப் வேறு வழியில் போயிற்று. 1956இல் ரி.ஆர்.3இன் முன் சில்லுகளுக்கு டிஸ்க் பிரேக் பொருத்தியது. பிரித்தானியத் தொடர் உற்பத்திக் கார்களில் அதுவே முந்தியது. 1961இல் ரி.ஆர்.4க்கு மிக்கலொட்டி புதிய உடல் கொடுத்தார். 1965இல் பின் சில்லுகள் தனித்தனியே அசையும் அமைப்பு வந்தது. 1967இல் ரி.ஆர்.5 ஆறு சிலிண்டர், 2498 சி.சி. எஞ்சினுடன், காபரேற்றரைக் கைவிட்டுப் பெற்றோலை உட்செலுத்தும் முறையுடன் வந்தது. 150 குதிரைவலு என்றார்கள். பின் ஜேர்மனியின் கார்மன் நிறுவனம் முன்புறத்தையும் பின்புறத்தையும் மாற்றிக் கொடுக்க, அதே கார் ரி.ஆர்.6 ஆயிற்று. நடுப்பகுதி இத்தாலியருடையது, இரு முனைகளும் ஜேர்மானியருடையவை, எஞ்சினும் சத்தமும் கொவென்றியுடையவை. 1976 வரை 90,000க்கும் மேல் செய்தார்கள். அவற்றில் பத்திலொரு பங்குக்கும் குறைவானவையே பிரித்தானியாவில் விற்பனையாயின. மீதியின் பெரும்பகுதி அமெரிக்கா போயிற்று.

போட்டி இருவரையும் வளர்த்தது. இவன் டிஸ்க் பிரேக் போட்டால் அவனும் போட்டான். அவன் சன்னல் கண்ணாடி போட்டால் இவனும் போட்டான். 1968இல் அந்தப் போட்டி முடிவுக்கு வந்தது. 1961இல் ஸ்ராண்டர்ட்-ட்ரையம்பை வாங்கியிருந்த லேலண்ட் கொம்பனி, அரசாங்கத்தின் தூண்டுதலோடு, எம்.ஜி.யைத் தன்னுள் வைத்திருந்த கூட்டுத்தாபனத்தோடும் இணைந்தது. பிரித்தானிய லேலண்ட் பிறந்தது. பதினைந்து வருடங்களாக ஒருவர் தோளை ஒருவர் இடித்துக்கொண்டு ஓடிய இருவர், ஒரே வீட்டில் ஒரே சட்டியில் உண்ணும் நிலைக்கு வந்தார்கள்.

சட்டியில் சோறு குறைவு. அகப்பையோ லேலண்ட்காரர் கையில் இருந்தது. அவர்களுக்கு ட்ரையம்ப் சொந்தப் பிள்ளை, எம்.ஜி. வந்த பிள்ளை. நடுவில் எஞ்சின் பொருத்திய புதிய எம்.ஜி. ஒன்றின் திட்டம் 1970இல் கைவிடப்பட்டது. புதிய காருக்கான பணம் ட்ரையம்பின் ரி.ஆர்.7க்குப் போயிற்று. அபிங்டனுக்கு விதிக்கப்பட்டது, 1962இல் வடித்த எம்.ஜி.பி.யையே தொடர்ந்து செய்துகொண்டிருப்பது மட்டும். 1974இல் சிறிய எம்.ஜி. மிட்ஜெற் காருக்குள் ட்ரையம்ப் ஸ்பிற்ஃபயரின் எஞ்சினையே பொருத்தினார்கள். எண்கோணச் சின்னத்துக்குப் பின்னால் எதிரியின் இதயம் துடித்தது என்று அபிமானிகள் இன்றும் குறைபடுகிறார்கள்.

அதே 1974இல்தான் எம்.ஜி.பி.யின் முகமும் மாறிற்று. மெதுவாக மோதினால் சேதமடையாத பம்பர் வேண்டும், விளக்குகள் இத்தனை உயரத்தில் இருக்க வேண்டும் என்று அமெரிக்கச் சட்டம் கேட்டது. புதிய காரை வடிக்கப் பணமில்லாத தொழிற்சாலை என்ன செய்யும்? மின்னும் குரோமியப் பம்பரைக் கழற்றிவிட்டுக் கறுத்த பெரிய ரப்பர் பம்பரை மாட்டியது. விளக்கின் உயரத்துக்காகக் காரையே ஒன்றரை அங்குலம் தூக்கியது. தூக்கியதால் வளைவுகளில் சாய்ந்தது. அமெரிக்காவுக்குச் சென்ற கார்களில் புகைக் கட்டுப்பாட்டுக்காக இரண்டு காபரேற்றர்கள் ஒன்றாகி வலுவும் குறைந்தது. அபிமானிகள் இந்த ரப்பர் பம்பர் கார்களைத் தீண்டத்தகாதவை போல ஒதுக்கினார்கள். இன்றும் அவற்றின் விலை குறைவாக இருப்பதற்குக் காரணம் இதுவே.

தெரிவு செய்யப்பட்ட ட்ரையம்பாவது வாழ்ந்ததா? லிவர்பூலின் ஸ்பீக் தொழிற்சாலையில் செய்யப்பட்ட ரி.ஆர்.7 தரக்குறைவுக்கும் வேலைநிறுத்தத்துக்கும் பெயர்போனதாயிற்று. 1978இல் ஸ்பீக் மூடப்பட்டது. உற்பத்தி கொவென்றியின் கான்லிக்கு மாறியது. 1980இல் கான்லியிலும் கார் பூட்டும் வேலை நின்றது. சொலிஹல்லுக்குப் போன ரி.ஆர்.7 1981இல் அங்கே முடிந்தது.

அபிங்டனின் முடிவு இன்னும் கொடியது. 1979 செப்டெம்பரில் அந்த ஊர் எம்.ஜி.யின் ஐம்பதாண்டு நிறைவைக் கொண்டாடியது. ஊர்வலம், வாத்தியம், பழைய கார்களின் அணிவகுப்பு. கொண்டாட்டம் முடிந்த கையோடு, செப்டெம்பர் 10ஆம் திகதி திங்கட்கிழமை, எம்.ஜி. உற்பத்தியை நிறுத்தப்போவதாகக் கொம்பனி அறிவித்தது. ஐம்பதாவது பிறந்தநாள் கேக்கின் இனிப்பு நாக்கில் இருக்கும்போதே மரண அறிவித்தல். பவுணின் பெறுமதி ஏறிக்கொண்டிருந்தது. 1980இல் அது 2.40 டொலரை எட்டியது. அமெரிக்காவில் விற்கும் ஒவ்வொரு எம்.ஜி.பி.யிலும் சுமார் 900 பவுண் நட்டம் என்று கொம்பனி கணக்குச் சொன்னது. டொலர்ப் பஞ்சத்தில் பிறந்த தொழில், டொலர் மலிந்தபோது இறந்தது. 1980 ஒக்டோபர் 24ஆம் திகதி அபிங்டன் மூடப்பட்டது. பெரிய வேலைநிறுத்தங்களுக்குப் பெயரெடுக்காத, தன் காரை நேசித்த ஒரு தொழிலாளர் கூட்டம் வீட்டுக்கு அனுப்பப்பட்டது.

இவ்வளவையும் படித்துவிட்டுத்தான் நான் கார் பார்க்கப் போனேன்.

முதலில் பார்த்தது 1972ஆம் ஆண்டின் ரி.ஆர்.6. உரிமையாளர் ஓய்வுபெற்ற ஆசிரியர். என்னையே ஓட்டச் சொன்னார். ஆறு சிலிண்டர்களும் ஒருமித்து எழுப்பிய ஓசையைக் கேட்ட கணத்தில், காசோலைப் புத்தகத்தை எடுக்கக் கை துருதுருத்தது. நீண்ட முன்புறம், தோளுக்குப் பின்னால் காற்று. இந்த வயதில் இப்படி ஒரு மகிழ்ச்சி தேவையா என்று கேட்கும் அறிவு அந்தச் சில நிமிடங்களுக்கு வாயை மூடிக்கொண்டிருந்தது.

இறங்கிய பிறகு அது பேசத் தொடங்கியது. ரி.ஆர்.6க்கு அடிச்சட்டம் தனியாக உண்டு. மேல் உடல் பளபளத்தாலும் கீழே சட்டம் உக்கியிருக்கலாம். பின் சில்லுகளைத் தாங்கும் கைகள் பொருந்தும் இடத்தையும், பின் அச்சின் பற்சக்கரப் பெட்டியைத் தாங்கும் ஆணிகள் இருக்கும் இடத்தையும் முதலில் பார்க்க வேண்டும். முன்னதில் துரு, பின்னதில் வெடிப்பு வருவது வழக்கம். ஒருவரைக் கிளச்சை மிதிக்கச் சொல்லிவிட்டு, எஞ்சினின் முன்பக்கக் கப்பி முன்னோக்கி அசைகிறதா என்று கவனிக்க வேண்டும். அசைந்தால் உள்ளே வளைதண்டைத் தாங்கும் வளையங்கள் தேய்ந்துவிட்டன என்று பொருள். விட்டுவைத்தால் எஞ்சினே போய்விடும். பெற்றோல் உட்செலுத்தும் பம்பை இயக்கும் மோட்டார், கண்ணாடி துடைப்பான் மோட்டாரின் வழிவந்தது. வெயில் நாளில் சூடேறித் தொல்லை கொடுப்பதில் பெயர்பெற்றது. அந்த முறையைச் சரியாகச் சீர்செய்யத் தெரிந்த கைகள் வருடத்துக்கு வருடம் குறைகின்றன. ஆசிரியர் நேர்மையானவர். எதையும் மறைக்கவில்லை. கப்பி இலேசாக அசைந்தது.

அடுத்து எம்.ஜி.பி.க்கள். முதலாவது 1969ஆம் ஆண்டுக் குரோமியப் பம்பர் கார், கண்ணைப் பறிக்கும் சிவப்பு. இங்கே பார்க்க வேண்டியது கதவுக்குக் கீழே ஓடும் 'சில்' என்ற பெட்டிப் பகுதி. எம்.ஜி.பி.யில் அதுதான் முதுகெலும்பு. அங்கே துரு ஏறினால் கார் நடுவில் தொய்ந்துவிடும். சிறு காந்தம் ஒன்றைத் துணியில் சுற்றி வைத்துப் பார்த்தேன். சில இடங்களில் ஒட்டியது, பல இடங்களில் ஒட்டவில்லை. இரும்பு இருக்க வேண்டிய இடத்தில் பசையைப் பூசிச் சாயம் அடித்திருந்தார்கள். விற்பவர் கேட்ட விலைக்கு அந்தச் சிவப்பு மட்டுமே சொந்தமாகியிருக்கும்.

இரண்டாவது 1978ஆம் ஆண்டு ரப்பர் பம்பர் கார். மண்ணிறம். ஒருவருக்கும் பிடிக்காத காலத்தின், ஒருவருக்கும் பிடிக்காத நிறம். ஆனால் காந்தம் ஓரிடம் விடாமல் ஒட்டிற்று. கதவு ஒரு விரலால் சாத்தியது. 1976இன் நடுவில் அபிங்டன்காரர் சாய்வைத் தடுக்கும் தண்டுகளைப் பொருத்திக் காரின் நடையைத் திருத்தியிருந்தார்கள். பழைய கார்களில் இருக்கைக்குப் பின்னால் ஒளிந்திருந்த இரண்டு 6 வோல்ற் பற்றறிகளுக்குப் பதிலாக ஒரே 12 வோல்ற் பற்றறி. நெடுஞ்சாலையில் எஞ்சினை ஓய்வாக ஓடவிடும் ஓவர்டிரைவும் இருந்தது. ஓட்டிப் பார்த்தேன். மெய் சிலிர்க்கவில்லை. ஆனால் எஞ்சின் மூடியைத் திறந்தபோது ஓர் அனுபவம் நேர்ந்தது. அந்த எஞ்சினை எனக்குத் தெரியும் என்று பட்டது.

உண்மையில் தெரியும். பி சீரிஸ் எஞ்சின், 1947இல் வெளிவந்த ஒஸ்ரின் ஏ-40 காரின் 1200 சி.சி. எஞ்சினிலிருந்து வளர்ந்தது. யாழ்ப்பாணத்து வாசகருக்கு ஏ-40 பற்றி நான் சொல்லத் தேவையில்லை. சோமசெற், கேம்பிரிட்ஜ், மொறிஸ் ஒக்ஸ்போர்ட் என்று வாடகைக் கார்களாக நம் ஒழுங்கைகளில் ஓடியவை எல்லாம் இந்தக் குடும்பமே. 1990இல் யுத்தம் மீண்டும் மூண்டு, குடாநாட்டுக்குப் பெற்றோல் தடைப்பட்டபோது, இந்தக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சிறு போத்தலில் பொத்திவைத்த சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு எஞ்சினைக் கிளப்புவார்கள். சூடேறியதும் மண்ணெண்ணெய் தொடரும். புகை கண்ணைக் கரிக்கும். எஞ்சின் இருமும். ஆனால் ஓடும். கலியாண வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் மயானத்துக்கும் ஓடிற்று.

செய்தி சேகரிக்கப் போன ஒரு நாளில், வயதான சாரதி ஒருவரிடம் இந்த எஞ்சின் இன்னும் எத்தனை நாளைக்குத் தாங்கும் என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, இது ஊர் மாடு. புல்லுப் போட்டாலும் இழுக்கும், வைக்கல் போட்டாலும் இழுக்கும். சீமை மாடெண்டால் எப்பவோ படுத்திருக்கும்."

சீமையில் செய்த எஞ்சினைத்தான் அவர் ஊர் மாடு என்றார். அதில் முரண் இல்லை. ஊரில் உள்ள எந்தக் கையும் கழற்றிப் பூட்டக்கூடியது எதுவோ, அது ஊர் மாடு. உடைந்த ஒரு காரின் பாகம் இன்னொரு காரை வாழவைத்தது. தெருவோரக் கராஜ்களில் இருந்த பையன்கள் கண்ணை மூடிக்கொண்டு அதைப் பிரிப்பார்கள். எஞ்சினின் உறுதி பாதிதான். மற்றப் பாதி, அதை அறிந்த மனிதரின் தொகை.

எம்.ஜி.பி.யின் கதையும் இதுவே என்று அந்த மூடியின் முன்னால் நின்றபோது விளங்கிற்று. சாதாரணக் காரின் பாகங்களால் ஆனது என்று ஏளனம் செய்யப்பட்ட கார் அது. பணமில்லாததால் பதினெட்டு வருடங்கள் மாறாமல் செய்யப்பட்டது. அந்தக் குறைகளே இன்று அதன் பலம். ஐந்து லட்சம் கார்கள் ஏறத்தாழ ஒரே மாதிரி இருந்ததால், பாகங்கள் செய்து விற்பது வியாபாரமாகக் கட்டுப்படியாயிற்று. 1988இல் பிரித்தானிய மோட்டார் ஹெரிற்றேஜ் என்ற நிறுவனம், பழைய அச்சுகளைத் தேடி எடுத்து, எம்.ஜி.பி.யின் முழு உடலையும் புதிதாக அடித்து விற்கத் தொடங்கியது. தொழிற்சாலை மூடி எட்டு வருடங்களின் பின் அதன் கார் மீண்டும் பிறந்தது. அபிங்டனைப் பட்டினி போட்டவர்கள், தம்மை அறியாமலே அதன் காருக்கு நீண்ட ஆயுளை எழுதிவிட்டார்கள்.

ரி.ஆர்.6 ஆட்கள் கோபிப்பார்கள். அதற்கும் பாகங்கள் உண்டு, கழகங்கள் உண்டு, உயிரைக் கொடுத்துப் பேணுபவர்கள் உண்டு. நான் மறுக்கவில்லை. ஓட்டும் இன்பத்தில் அது மேலான கார் என்பதையும் மறுக்கவில்லை. பணமும், அருகில் நல்ல கைவினைஞரும், பொறுமையும் உள்ள இளைஞர் ஒருவர் என்னிடம் கேட்டால் ரி.ஆர்.6ஐயே வாங்கும்படி சொல்வேன். ஆனால் முதலில் கப்பியைப் பார்க்கச் சொல்வேன்.

வாங்க எண்ணும் மற்றவர்களுக்கும் நான் கற்றதைச் சொல்லிவிடுகிறேன். நிறத்தையும் பம்பரையும் வாங்காதீர்கள், இரும்பை வாங்குங்கள். எஞ்சினைத் திருத்துவது மலிவு, துருவைத் திருத்துவது செலவு. பிரித்தானியாவில் நாற்பது வயது கடந்த கார்களுக்கு வீதி வரி இல்லை. 2018 முதல், பெரிய மாற்றங்கள் செய்யப்படாதவற்றுக்கு வருடாந்தப் பரிசோதனையும் கட்டாயமில்லை. சட்டம் கேட்காவிட்டாலும் வருடந்தோறும் பரிசோதியுங்கள். பிரேக் சட்டப் புத்தகத்தைப் படிப்பதில்லை. 2021 முதல் இங்கே சாதாரணப் பெற்றோலில் பத்து வீதம் வரை எதனோல் கலக்கப்படுகிறது. பழைய ரப்பர்க் குழாய்களை அது அரிக்கும். ஆகவே குழாய்களை மாற்றுங்கள், அல்லது எதனோல் குறைந்த உயர்தரப் பெற்றோலை வாங்குங்கள்.

இன்று எம்.ஜி. என்ற பெயர் சீனாவின் ஷங்காய் நிறுவனம் ஒன்றுக்குச் சொந்தம். ட்ரையம்ப் என்ற கார்ப் பெயர், மியூனிக்கில் உள்ள பி.எம்.டபிள்யூ.விடம் இருக்கிறது. ஜேர்மானியர் ஒருவர் இங்கிலாந்துக்குக் கொண்டுவந்து வைத்த பெயர் திரும்பவும் ஜேர்மனிக்குப் போய்விட்டது. கொம்பனிகள் இறந்தன, பெயர்கள் நாடு மாறின, தொழிற்சாலைகள் இடிக்கப்பட்டன. கார்கள் மட்டும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றை ஓடவைப்பது கொம்பனி அல்ல, ஞாயிற்றுக்கிழமைகளில் கையில் எண்ணெய் பூசிக்கொள்ளும் சாதாரண மனிதர்.

அந்த ஆசிரியருக்குத் தொலைபேசியில் நன்றி சொன்னேன். அவர் வருத்தப்படவில்லை. விற்காமல் போனது அவருக்குச் சற்று ஆறுதலாகவே இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். மண்ணிற எம்.ஜி.பி. வரும் சனிக்கிழமை வீட்டுக்கு வருகிறது. அந்த நிறத்தை மாற்றச் சொல்லி வீட்டில் இப்போதே வற்புறுத்தல். மாற்ற மாட்டேன். அபிங்டனில் அது பூசப்பட்ட வருடத்தில், தம் காலம் முடியப்போகிறது என்று அந்தத் தொழிலாளருக்குத் தெரியாது. இருந்தும் கதவு ஒரு விரலால் சாத்தும்படி பொருத்தியிருக்கிறார்கள். அது போதும் எனக்கு.